கிரேடியஸ் கேசட்டில் ரெண்டு ஆப்ஷனுக்கு மேல வரலை, ஆட்டமும் மெதுவா ஓடுது: கேசட் கோளாறா, போர்ட்டே அப்படியா?

உப்பளம்_60பின்:

எல்லாருக்கும் வணக்கம். கையில இருக்கிறது காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கின, ஸ்டிக்கர் இல்லாத 60 பின் கேசட். உள்ளே கொனாமியோட விண்கப்பல் ஷூட்டர் ஆட்டம் கிரேடியஸ் ஒண்ணு மட்டும். பெட்டி லோக்கல் டிவி கேம்தான், ஏவி வயர்ல 21 இன்ச் ட்யூப் டிவிக்குப் போகுது.

ரெண்டு ஆப்ஷன் (கப்பல் பின்னாடி வந்து கூடவே சுடற பந்து) எடுத்ததும் ஆயுதம் தேர்ந்தெடுக்கிற மீட்டர்ல அந்தக் கட்டம் காலியாயிடுது. ஆர்கேட் (காசு போட்டு ஆடற மெஷின்) வீடியோவில் நாலு பந்து பின்னாடி வருது. லேசரும் இங்கே குட்டை. ஃபாமிகாம்ல (நின்டெண்டோவோட ஜப்பான் பெட்டி, நம்ம டிவி கேம் அதோட நகல்) எடுத்த வீடியோவைப் பக்கத்துல ஓட்டினா என்னோடது பாட்டு உட்பட எல்லாமே மெதுவா போகுது. சில நேரம் ஆன் பண்ணினதும் எழுத்தெல்லாம் சிதறி நிக்குது, கேசட்டை எடுத்துப் போட்டா சரியாகுது.

இன்னொண்ணு. ஃபாமிகாமுக்கு அடுத்த பெட்டியான ஜப்பான் சூப்பர் ஃபாமிகாம் ஒண்ணு, கிரேடியஸ் 3 கேசட்டும் சேர்த்து, விலைக்கு வருது, அடாப்டர் மட்டும் இல்லை. அதை வாங்கலாமா, இல்லை பழைய ஆட்டங்களைச் சேர்த்து வந்த கிரேடியஸ் ஒரிஜின்ஸ் தொகுப்பு போதுமா? இந்த வரிசையை ஒழுங்கா ஆடணும், அலமாரியில அடுக்கி வைக்கிற ஆசை இல்லை.

முதுநகர்_மெக்கானிக்:

கேசட் டூப்ளிகேட்டா இருந்தாலும் உள்ளே இருக்கிற ஆட்டம் அசல்தான். நீங்க சொன்ன மூணுக்கும் காரணம் வேற வேற.

ஆப்ஷன் விஷயம் போர்ட்டோட, அதாவது ஆர்கேட்லிருந்து வீட்டுப் பெட்டிக்கு மாத்தி எழுதின பதிப்போட, வரம்பு. ஃபாமிகாமோட படச் சிப் திரை முழுக்க 64 ஸ்பிரைட்தான் (நகர்ற சின்னப் படத்துண்டு) வைக்கும், ஒரு கிடைக்கோட்டுல 8 தான் வரையும். ஒன்பதாவது வந்தா அந்தக் கோட்டுல காணாமப் போகும். அதை மறைக்கத்தான் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் முறை மாத்தி வரையறாங்க, நமக்கு அது மினுக்கலா தெரியுது. கப்பல், ஆப்ஷன், லேசர், எதிரி எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்தா 8 உடனே தீர்ந்துடும். ஆர்கேட் போர்டுல இந்த நெருக்கடி கிடையாது. அதனால 1986 ஏப்ரல்ல வந்த ஃபாமிகாம் பதிப்புல ஆப்ஷனை ரெண்டோட நிறுத்தி, லேசரையும் துண்டா வெட்டிட்டாங்க. புரோகிராம் 32 கேபி, படங்கள் 32 கேபி, மொத்த ஆட்டமும் அவ்வளவுதான். எத்தனையோ மல்ட்டி கேசட்டுக்குள்ள இது இருக்கறதுக்கும் அந்தச் சின்ன அளவுதான் காரணம்.

அதே பெட்டியில 1988 டிசம்பர்ல வந்த கிரேடியஸ் 2 நாலு ஆப்ஷனும் தருது. அந்தக் கேசட்டுக்குள்ள கொனாமியோட விஆர்சி4 சிப் இருக்கு. அது ஸ்பிரைட் எண்ணிக்கையை ஏத்தாது, பேங்க் (கேசட் நினைவகத்தோட பகுதி) மாத்தவும் திரை பாதியில இருக்கும்போது சிபியூவைக் கூப்பிடவும்தான் உதவும். மினுக்கல் அதிலயும் உண்டு, ஆனா ஆட்டம் கையை விட்டுப் போகாது. அந்தப் பெட்டிக்கு வந்த ஷூட்டர்கள்ல என் ஓட்டு அதுக்குத்தான்.

எழுத்து சிதறுறது கான்டாக்ட் கோளாறு. கடற்கரை ஊர்ல உப்புக்காத்து செம்பைச் சும்மா விடாது. கேசட்டைத் திறந்து விரல்களைப் பாருங்க. கருப்பா மங்கியிருந்தா வெள்ளைப் பென்சில் ரப்பரால நீளவாக்குல மெதுவா தேய்ச்சு, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைங்க. பச்சைப் பூத்திருந்தா முதல்ல வெள்ளை வினிகர் தொட்டு ஒரு துடைப்பு, உடனே ஆல்கஹால். வினிகரை அப்படியே விட்டா அதுவே அரிக்கும். உப்புத்தாள் வேண்டாம், மேல இருக்கிற மெல்லிய பூச்சு போயிட்டா அடுத்த மழைக்காலத்துக்குள்ள மறுபடி கருத்துடும். வாயால ஊதறதும் வேண்டாம், எச்சில் ஈரம்தான் பாதி கேசட்டைக் கெடுத்தது.

கேசட்டைச் சுத்தம் பண்ணிட்டு ஸ்லாட்டை விட்டுட்டா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கும். செத்துப்போன கேசட் போர்டு ஒண்ணுல பஞ்சு இழை விடாத துணியைச் சுத்தி, ஆல்கஹால் தொட்டு, பெட்டி ஆஃப்ல இருக்கும்போது நாலைஞ்சு தடவை ஏத்தி இறக்குங்க. பத்து நிமிஷம் காயவிட்டு ஆன் பண்ணுங்க. அதுக்கப்புறமும் சிதறினா ஸ்லாட்டோட காலை மறுபடி சால்டர் பண்ணணும். இந்த மலிவு பெட்டிகள்ல ஓரத்துப் பின்களோட சால்டர்தான் முதல்ல விரியும்.

தேவனாம்பட்டினம்_50ஹெர்ட்ஸ்:

மெதுவா ஓடுறதுக்கு என் பேரே பதில்.

ஜப்பான் ஃபாமிகாம் விநாடிக்கு 60 ஃப்ரேம். நம்ம ஊருக்கு வந்த பால் (PAL, நம்ம நாட்டு டிவி முறை) டிவி கேம் பெட்டிகள் 50. ஃப்ரேமுக்கு ஒரு அடி நகரணும்னு எழுதின புரோகிராம், ஃப்ரேம் குறைஞ்சா மெதுவாத்தான் நகரும். ஆறுக்கு அஞ்சு கணக்கு. சோதிக்கிறது சுலபம். கிரேடியஸ்ல திரை தானா உருளும், ஆடுறவர் கையில வேகம் இல்லை. முதல் கட்டம் தொடங்கின நொடியிலிருந்து கட்டத்தோட கடைசி எதிரி பிக் கோர் வர்ற வரைக்கும் அந்த 60 ஹெர்ட்ஸ் வீடியோவில் கடிகாரம் வைங்க, அப்புறம் உங்க பெட்டியில வைங்க. அங்கே 100 விநாடின்னா இங்கே 120 வரும். அந்த விகிதம் வந்துட்டா கேசட்டைச் சந்தேகப்பட வேண்டாம்.

பாட்டுல கவனிச்சா தெரியும்: தாளம் இழுக்குது, சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்கு. சுருதியைச் சிபியூ கடிகாரம் கொடுக்குது. அது ஃபாமிகாம்ல 1.79 மெகாஹெர்ட்ஸ், இந்த பால் குளோன்கள்ல (நகல் பெட்டிகள்ல) 1.77. ஒரு சதவீத வித்தியாசம் யார் காதுக்கும் எட்டாது. தாளத்தை ஃப்ரேம் கணக்கு கொடுக்குது, அதான் அடி வாங்குது. சத்தம் தகரம் தட்டின மாதிரி வேற இருந்தா இன்னொரு குளோன் குறை: சில சிப்கள்ல சதுர அலையோட 25 சதவீத, 50 சதவீத அகலம் இடம் மாறிக் கிடக்கும். அதுக்கு வைத்தியம் கிடையாது.

யாராவது கிரிஸ்டலை மாத்தினா வேகம் வரும்னு சொல்லுவாங்க, கேட்காதீங்க. பால் குளோன்ல இருக்கிறது 26.6 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதை ஆறால வகுத்துத்தான் 4.43 மெகாஹெர்ட்ஸ் கலர் சிக்னல் பிறக்குது. கிரிஸ்டலைத் தொட்டா கலர் போய் கருப்பு வெள்ளைதான் மிஞ்சும். வேகம் வேணும்னா என்டிஎஸ்சி (ஜப்பானோட 60 ஹெர்ட்ஸ் டிவி முறை) பெட்டி, இல்லைன்னா 60 ஹெர்ட்ஸ்ல ஓடுற எமுலேட்டர் (பெட்டி மாதிரி நடிக்கிற மென்பொருள்).

நம்ம குளோன்ல ஒரு நல்லதும் உண்டு. சிபியூ ஒரு படி போனா படச் சிப் மூணு படி போகும்ங்கிற ஃபாமிகாம் கணக்கை அப்படியே வச்சிருக்கு. நின்டெண்டோவோட சொந்த பால் பெட்டியில அது 3.2. அதனால மெக்கானிக் அண்ணன் சொன்ன விஆர்சி4 கேசட் நம்ம பெட்டியில மெதுவா ஓடினாலும் மீட்டர் கோடு உடையாம நிக்கும்.

லாஸ்பேட்டை_லேசர்:

எந்த போர்ட் நல்லதுன்னு கேட்டா, முதல்ல அது எந்த ஆட்டத்தோட போர்ட்னு பார்க்கணும். ஒவ்வொண்ணுலயும் விதியே மாறுது.

1985-ல வந்த முதல் கிரேடியஸ் ஆர்கேட் குமிழ் நினைவகத்துல (bubble memory, காந்தச் சேமிப்புச் சிப்) ஓடினது. சூடாகற வரைக்கும் ஆட்டம் தொடங்காது, 99-லிருந்து எண்ணிக்கை இறங்க ஒரு காலைப் பாட்டு வாசிக்கும். (சித்திரை மாசக் கடலூர்ல அதுக்கு அவ்வளவு நேரம் பிடிச்சிருக்காது.) பிறகு சாதாரண ரோம் சிப்புக்கு மாத்தினாங்க, வெளிநாட்டுல நெமிசிஸ்னு பேர். 1991-ல பிசி எஞ்சின் பெட்டிக்கு வந்த பதிப்பு அசலுக்கு நெருக்கம், எலும்புக் கட்டம் ஒண்ணு கூடுதல்.

கிரேடியஸோட கிளை ஆட்டமான சலமண்டர் 1986. ஒரு கட்டம் பக்கவாட்டுல உருளும், அடுத்தது மேல்நோக்கி, ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாம், செத்தா அதே இடத்துல எழலாம். ஆர்கேட்ல ஆயுதம் நேரா காப்ஸ்யூலா விழும். ஃபாமிகாம்ல அதையே, காப்ஸ்யூல் சேர்த்து ஆயுதம் தேர்ந்தெடுக்கிற கிரேடியஸ் மீட்டருக்கு மாத்திட்டாங்க. ஜப்பான் கேசட்டுல மூணு ஆப்ஷன் வரைக்கும் எடுக்கலாம், அமெரிக்கா போன லைஃப் ஃபோர்ஸ்ல ரெண்டுதான். அது 72 பின், உங்க பெட்டிக்கு நேரா ஏறாது. சண்டே மார்க்கெட்டில் தேடறதா இருந்தா 60 பின் சலமண்டர் கிடைச்சா விடாதீங்க. வீட்டுல ரெண்டாவது ஜாய்ஸ்டிக் சும்மா கிடந்தா முக்கியமா இது.

காண்ட்ராவுல எல்லாரும் அடிக்கிற மேல் மேல் கீழ் கீழ் கோட் பிறந்ததே உங்க கேசட்டுலதான். போர்ட்டைச் சோதிக்கும்போது ஆட்டம் ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு காஸுஹிஸா ஹாஷிமோட்டோ போட்டது. ஸ்டார்ட் அமுக்கி நிறுத்தி, மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ, மறுபடி ஸ்டார்ட். மிசைல், ரெண்டு ஆப்ஷன், ஷீல்டு வந்துடும். லேசர் நீங்களாத்தான் எடுக்கணும்.

சூப்பர் ஃபாமிகாம் கிரேடியஸ் 3-ஐ வாங்க வேண்டாம்ங்கிறது என் கட்சி. திரையில கூட்டம் சேர்ந்தா தேன் ஊத்தின மாதிரி ஆகிடும். 2.68 மெகாஹெர்ட்ஸ்ல ரோமைப் படிக்கிற ஆரம்பகாலக் கேசட் அது. 1989 ஆர்கேட்ல இருந்த போலி முப்பரிமாணக் கட்டமும் க்யூப் மழையும் இதுல கிடையாது. ஒரிஜின்ஸ்ல ஆர்கேட் கிரேடியஸ் 3 முழுசா இருக்கும்போது இது எதுக்கு?

மஞ்சக்குப்பம்_மோவாய்:

அக்கா சொன்ன குறை உண்மை, தீர்ப்பு தப்பு.

ஆர்கேட் கிரேடியஸ் 3-ஐ ஆடிப் பாருங்க, அதுவும் கூட்டத்துல தள்ளாடும். ஜப்பான் ஆர்கேட் பதிப்புல கன்டினியூவே கிடையாது. க்யூப் மழை மனப்பாடம் பண்ணியும் தப்பிக்க முடியாத இடம், பறந்து வந்து ஒட்டுற கட்டிகள் எங்கே நிக்கும்னு கணிக்க முடியாது. 1990 டிசம்பர்ல சூப்பர் ஃபாமிகாமுக்குக் கொண்டு வந்தவங்க அதைத் தூக்கினது வன்பொருள் போதாம மட்டும்னு எனக்குத் தோணலை. வீட்டுல உட்கார்ந்து ஆடுற ஆள் முடிக்கிற மாதிரி ஆட்டத்தைத் திருப்பி அமைச்சிருக்காங்க. மெதுவாகறதால குண்டுக்கு நடுவுல நுழைய நேரம் கிடைக்குது, மொத்தக் கஷ்டமும் அந்த வேகத்துக்குத்தான் பொருந்தியிருக்கு.

அதுக்கு ஆதாரம் கையிலயே இருக்கு. 2019-ல விட்டோர் விலேலா இந்த ஆட்டத்துக்கு எஸ்ஏ-1 பேட்ச் (ஆட்ட ஃபைலுக்கான திருத்தம்) ஒண்ணு வெளியிட்டார். எஸ்ஏ-1 கேசட்டுக்குள்ள உட்கார்ற இரண்டாவது சிபியூ, 10.74 மெகாஹெர்ட்ஸ். வேலையெல்லாம் அதுக்குப் போனதும் தள்ளாட்டம் போயிடுது. போனதும் என்ன ஆகுது? குமிழிக் கட்டத்துல ஆள் நிக்க முடியலை. பேட்ச் போடணும்னா ஒண்ணு கவனிங்க: எஸ்ஏ-1-ஐ நடிக்கத் தெரிஞ்ச எஃப்பிஜிஏ (வேற சிப் மாதிரி அமைச்சுக்கக்கூடிய சிப்) ஃப்ளாஷ் கேசட்டுல (ஆட்ட ஃபைலை ஏத்தி ஓட்டற கேசட்), இல்லைன்னா நல்ல எமுலேட்டர்ல மட்டும்தான் ஓடும். மலிவு ஃப்ளாஷ் கேசட்டுல கருப்புத் திரைதான்.

வாங்கினா கோட் விஷயத்துல கொனாமியோட குறும்பு ஒண்ணு இருக்கு. பழைய பழக்கத்துல அம்பு பட்டன்ல இடது வலது அடிச்சா உங்க கப்பலே வெடிக்கும். அந்த இடத்துல தோள்பட்டன் எல், ஆர் அடிக்கணும்.

உப்பளம்_60பின்:

ரொம்ப நன்றி. ஹெர்ட்ஸ் அண்ணன் சொன்ன மாதிரி கடிகாரம் வச்சுப் பார்த்தேன், ஆறுக்கு அஞ்சேதான். ஸ்லாட்டைத் துடைச்சதும் சிதறலும் நின்னுடுச்சு.

சூப்பர் ஃபாமிகாம் எடுக்கலாம்னு இருக்கேன். அடாப்டருக்கு என்ன பண்ணறது? நம்ம ட்யூப் டிவி ஏத்துக்குமா? ஒரிஜின்ஸ் கூடத்துல இருக்கிற எல்இடி டிவியில ஆடினா சரியா வருமா? கடைசியா, செத்து எழுந்தா வெறும் கப்பலோட நிக்கறேன், அங்கிருந்து மீளவே முடியலை. அதுக்கு வழி உண்டா?

முதுநகர்_மெக்கானிக்:

ஜப்பான் அடாப்டர் கூட வராததே நல்லது. அது 100 வோல்ட் சரக்கு, நம்ம 230-ல செருகினா புகைதான்.

பெட்டி கேட்கிறது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்ப், நடுப்பின் மைனஸ். 9 வோல்ட்டும் தாராளமா போதும், உள்ளே 7805 ரெகுலேட்டர் அதை 5 ஆக்கிடும். கடையில 9 வோல்ட் 1 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் (லேசான புது வகை) அடாப்டர் வாங்குங்க. ஆனா நம்ம ஊர்ல விக்கிறது பெரும்பாலும் நடுப்பின் பிளஸ். மல்ட்டிமீட்டர் சிவப்பு முனையை நடுவுலயும் கருப்பை வெளி உருளையிலும் வச்சா மைனஸ் 9 காட்டணும். பிளஸ் காட்டினா வயரை வெட்டி மாத்தி ஒட்டி, மறுபடி அளந்துட்டுத்தான் செருகணும். செகா மெகா டிரைவ் முதல் மாடலோட அடாப்டர் எங்கேயாவது கிடைச்சா அது அப்படியே பொருந்தும்.

கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் வேண்டாம். 9-ன்னு எழுதியிருக்கும், சுமை இல்லாதப்ப 13 காட்டும், மிச்சமெல்லாம் 7805-ல சூடா இறங்கும். நின்டெண்டோ என்இஎஸ் அடாப்டரைத் தொடவே தொடாதீங்க, அது 9 வோல்ட் ஏசி. பின் பொருந்தும், பெட்டி செத்துடும்.

டிவியில மெனுவுக்குப் போய் கலர் சிஸ்டத்தை ஆட்டோ அல்லது என்டிஎஸ்சி 3.58-க்கு மாத்துங்க. 2000-க்கு அப்புறம் வந்த ட்யூப் டிவிகள் அநேகமா ஏத்துக்கும். படம் வந்து கலர் வரலைன்னா உங்க டிவியில அந்த டீகோடர் இல்லை. படமே மேல கீழ உருண்டா செங்குத்து ஹோல்டு 60-க்குப் பிடிக்கலைன்னு அர்த்தம்.

சூப்பர் ஃபாமிகாமை எல்இடி டிவியில ஏவி வழியா போடாதீங்க. பெட்டி அனுப்புறது 240 வரி முழுப் படம். டிவி அதை 480 வரியோட பாதின்னு நினைச்சு ரெண்டு ஃப்ரேமைப் பின்னும். ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் மினுக்கிற ஆப்ஷனும் ஷீல்டும் சீப்புப் பல் மாதிரி கிழிஞ்சு தெரியும், இல்லை மொத்தமா மறையும். குண்டு கண்ணுக்குத் தெரியாம சாகிறதுக்கு அதான் காரணம்.

லாஸ்பேட்டை_லேசர்:

ஒரிஜின்ஸுக்கு எல்இடி டிவி பரவாயில்லை, கேம் மோடு போட்டா. போடலைன்னா படத்தை மெருகேத்துற வேலையிலயே டிவி சில ஃப்ரேம் பின்தங்கும். ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி விநாடி. நாலு ஃப்ரேம் தள்ளிப் போனாலே குகைச் சுவர்ல உரசுவீங்க. மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைங்க.

2025 ஆகஸ்ட்ல வந்த அந்தத் தொகுப்புல இருக்கிறது கிரேடியஸ் 1, 2, 3, சலமண்டர், லைஃப் ஃபோர்ஸ், சலமண்டர் 2, புதுசா எழுதின சலமண்டர் 3. ஏழு ஆட்டம், பதிப்புக் கணக்குல 18. எம்2 நிறுவனம் செஞ்ச வேலை. வெளிவந்தப்ப எல்லாம் ஆர்கேட் பக்கம்தான், ஃபாமிகாம் பதிப்பு எதுவும் அதுல இல்லை. 1997-ல பிளேஸ்டேஷனுக்குன்னே எழுதின கிரேடியஸ் கைடனும், 2004-ல ட்ரெஷர் நிறுவனம் செஞ்ச கிரேடியஸ் 5-ம் இல்லை. கைடன் இந்த வரிசையிலயே எனக்கு முதல். நாலு கப்பல், மீட்டர் வரிசையை நாமே மாத்தி அடுக்கலாம், ரெண்டு பேர் ஆடலாம். அதை ஆட மலிவான வழி 2006-ல பிஎஸ்பி கையடக்கப் பெட்டிக்கு வந்த கிரேடியஸ் கலெக்‌ஷன். பிஎஸ்பி ஆட்டத்துக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எந்த ஊர் யுஎம்டி தட்டும் ஓடும்.

இனி மீளறது. மீட்டர் வரிசையை எண்ணிப் பாருங்க: ஸ்பீடு 1 காப்ஸ்யூல், மிசைல் 2, டபுள் 3, லேசர் 4, ஆப்ஷன் 5, ஷீல்டு 6. ரெண்டு ஸ்பீடு, மிசைல், லேசர், நாலு ஆப்ஷன், ஷீல்டுன்னு ஆர்கேட்ல முழுசா நிக்க 34 காப்ஸ்யூல். உங்க கேசட்டுல ரெண்டு ஆப்ஷனோட 24. செத்தா மறுபடி பூஜ்யத்திலிருந்து, அதுவும் எதிரி நெருக்கமான நடுக் கட்டத்துல. அதான் இந்த வரிசையில ஒரு சாவு பத்து சாவாகுது.

அதனால எழுந்ததும் லேசருக்கு ஆசைப்படக் கூடாது. முதல் காப்ஸ்யூல் ஸ்பீடு, தயங்கவே வேண்டாம். வெறும் கப்பல் ஆமை. ரெண்டாவது ஸ்பீடு குகைக் கட்டம்னா வேண்டாம், திறந்த வெளின்னா போடலாம். மூணாவது போட்டா நீங்களே சுவர்ல போய் மோதுவீங்க. அடுத்து அஞ்சு சேர்த்து ஆப்ஷன். சாதாரணக் குண்டு ரெண்டு இடத்துலிருந்து போனாலே பாதித் திரை திறக்கும். தரையில பீரங்கி நிறைய இருக்கிற இடம்னா மட்டும் அதுக்கு முன்னாடி மிசைல். லேசரும் டபுளும் ஒண்ணு வந்தா ஒண்ணு போயிடும், மோவாய் (ஈஸ்டர் தீவுக் கல்தலை) கட்டத்துல மேல இருக்கிற வாய்களுக்கு டபுள் பயன்படும், மத்த இடத்துல லேசர்தான்.

ஆப்ஷன் கப்பல் வந்த வழியிலயே வரும், கப்பல் நின்னா அதுவும் நிக்கும். பாறைக்குப் பின்னாடி பதுங்கிட்டு, வந்த வழியில விட்ட ஆப்ஷனால வெளியே இருக்கிறவனைச் சுடலாம். நீலக் காப்ஸ்யூலை எடுத்தா மீட்டர் நகராது, திரையில இருக்கிற சில்லறை எதிரியெல்லாம் சாகும். எழுந்த உடனே கூட்டம் வர்ற இடத்துல அதைத்தான் நம்பணும்.

ஆர்கேட் பதிப்புகள்ல நீங்க எவ்வளவு ஆயுதம் ஏத்தியிருக்கீங்களோ அந்த அளவுக்கு எதிரியோட சுடற வேகமும் ஏறும். செத்தா அது இறங்கும். ஒரிஜின்ஸ்ல ரிவைண்டை வச்சு சாவையே அழிச்சுட்டுப் போனா அந்த ஏறின கஷ்டம் அப்படியே கூடவே வரும், இதை நிறைய பேர் கவனிக்கறதில்லை. மீளப் பழகணும்னா ட்ரெயினிங் மோடுல ஆயுதம் இல்லாம அந்தக் கட்டத்தைத் தொடங்குங்க.

மஞ்சக்குப்பம்_மோவாய்:

60 பின் கிரேடியஸ் 2 கண்ணுல பட்டா வாங்கும் முன்னாடி ஓட்டிப் பாருங்க. ஸ்டிக்கர்ல 2-ன்னு போட்டு உள்ளே முதல் ஆட்டத்தையே வச்சு விக்கிறாங்க. நிஜமான 2-ல ஸ்டார்ட் அமுக்கினதும் நாலு வகை ஆயுத வரிசையில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், அப்புறம் முதல் கட்டத்துலயே நெருப்புச் சூரியனும் அதிலிருந்து வர்ற டிராகனும் வரும். எரிமலைதான் முதல்ல வருதுன்னா அது உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற கேசட்.